மீனைவிட மண்தான் முக்கியம்: வட அமெரிக்காவின் பட்டை மீன்கொத்தி

டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்கார்பரோ பக்கம், ரூஜ் என்று ஒரு ஆறு ஓடுகிறது. வார இறுதியில் அங்கே நடக்கப் போனால் தமிழ்க் குரல் காதில் விழாமல் திரும்ப முடியாது. போன கோடையில் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, யாரோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே ஆற்றின் மேல் ஓடுவது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், நீலமும் வெள்ளையுமாக ஒரு பறவை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, எண்ணெய் காணாத பையன் தூங்கி எழுந்த மாதிரி சிலிர்த்து நிற்கும் கொண்டை, வயிற்றுக்கு மேலே குறுக்காக ஒரு செம்பழுப்புப் பட்டை.

எனக்கு முன்னால் போன குடும்பமும் நின்று பார்த்தது. "கிங்ஃபிஷர்டா! அந்த அலகாலேயே மீனைக் குத்தி எடுக்கும் பாரு" என்று அப்பா பிள்ளைக்குச் சொன்னார். "இவ்வளவு கலரா இருக்கே, ஆம்பளையாத்தான் இருக்கும்" என்றார் கூட வந்தவர். "எந்த மரப்பொந்துல கூடு வெச்சிருக்கோ" என்றார் பாட்டி.

மூன்றுமே தவறு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மீன்கொத்தி என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்திருப்பது இந்த மூன்றும்தான். ஆனால் பாட்டி கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் இந்தப் பறவையின் கதைக்கே சாவி. அங்கே போய்ச் சேரும் முன் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

யார் இந்தப் பறவை?

ஆங்கிலத்தில் பெல்டட் கிங்ஃபிஷர். நெஞ்சில் பெல்ட் கட்டியது போல நீலப் பட்டை இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் நாம் பட்டை மீன்கொத்தி என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் மெகாசெரைல் ஆல்சியான். மைனாவைவிடப் பெரிது, புறாவைவிடச் சிறிது. எடை ஏறக்குறைய 150 கிராம், நீளம் 30 செ.மீ. சொச்சம்.

உலகத்தில் நூற்றுச் சொச்சம் மீன்கொத்தி இனங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டுக்கும் சேர்த்து வாய்த்தது ஆறு இனங்கள்தான். அந்த ஆறிலும், கனடாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் கண்ணில் படுவது இது ஒன்றே. டெக்சாஸின் தெற்கு மூலைக்குப் போனால்தான் வேறு இரண்டு இனங்களைப் பார்க்கலாம். அதனால் இங்கே மீன்கொத்தி என்று பொதுவாகச் சொன்னாலே இதுதான். கனடா 1986-இல் வெளியிட்ட பறவைகள் வரிசை ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததும் இதுவேதான்.

நம்மூர் ஏரிகளில் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். பட்டை மீன்கொத்திக்கு அது பங்காளி முறை. இமயமலை ஓடைகளில் வாழும் கொண்டை மீன்கொத்தி இன்னும் நெருக்கம், ஒரே பேரினம். வீட்டு வாசல் மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் வெண்மார்பு மீன்கொத்தியோ வேறு கிளை, தூரத்துச் சொந்தம்.

கொத்துவதில்லை, கவ்வுகிறது

மீன்கொத்தி என்ற நம் பெயரே கொஞ்சம் ஏமாற்றும். அலகைப் பார்த்தால் குத்தீட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். குச்சியில் குத்திய மாங்காய்த் துண்டைக் கையே இல்லாமல் கழற்றித் தின்ன வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? மீனைக் குத்திவிட்டால் இதற்கும் அதே அவஸ்தைதான். பாம்புத்தாரா அப்படிக் குத்திப் பிடிக்கும் பறவை. குத்திய மீனை உதறிக் கழற்றி, மேலே தூக்கிப் போட்டு, திரும்பப் பிடித்து விழுங்கும். அதற்கு நீண்ட கழுத்து இருக்கிறது, வித்தை காட்டலாம். பட்டை மீன்கொத்திக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆக, அது அலகை ஈட்டியாகப் பயன்படுத்துவதில்லை. சூடான பாத்திரத்தைத் தூக்கும் இடுக்கி மாதிரி பயன்படுத்துகிறது. தண்ணீருக்குள் பாயும்போது அலகு திறந்து மூடும், மீன் நடுவில் மாட்டும். பிடித்ததும் பழைய கிளைக்கே திரும்பி வந்து, வண்ணான் துணி துவைப்பது போல மீனைக் கிளையில் அடி அடியென்று அடிக்கும். துள்ளல் அடங்கியதும் தலைப்பக்கமாக விழுங்கும். வாலிலிருந்து விழுங்கினால் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் எதிர்த்து நிற்கும். தலையிலிருந்து போனால் எல்லாம் படிந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

சரி, குறி எப்படித் தப்பாமல் விழுகிறது? இதற்குப் பள்ளிக்கூடத்து டம்ளர் வித்தையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காலி டம்ளரில் ஒரு நாணயத்தைப் போட்டு, விளிம்பு மறைக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். யாராவது தண்ணீர் ஊற்றினால் நாணயம் மேலே எழும்பி வந்தது போலத் தெரியும். நாணயம் அசையவில்லை. தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதால் நம் கண் ஏமாறுகிறது. இதற்குப் பெயர் ஒளிவிலகல். நேர் மேலிருந்து பார்த்தால் 40 செ.மீ. ஆழத்திலிருக்கும் மீன் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பது போலத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் ஆழம் மட்டுமல்ல, இடமும் தப்பாகத் தெரியும்.

செங்குத்தாகப் பார்க்கும்போது மீனின் ஆழத்தில்தான் ஏமாற்றம், பக்கவாட்டில் விலகல் இல்லை. பட்டை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தேடி உட்காருவதும், கிளை இல்லாத இடத்தில் மீனுக்கு மேலாகவே சிறகடித்து நிற்பதும், தலைகீழாகச் செங்குத்தாக விழுவதும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் பழக்கங்கள். தண்ணீரைத் தொடும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. அதாவது கணக்கு முழுவதும் காற்றிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே போனபின் துரத்தல் கிடையாது. தப்பினால் தப்பியதுதான், கிளைக்குத் திரும்பி மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தே முடிவெடுக்கும் பறவை இது. இரண்டு, மேல்மட்டத்து மீன் மட்டுமே எட்டும். இரண்டடிக்குக் கீழே போய்விட்ட மீன் இதைப் பொறுத்தவரை வேறு ஊரில் இருக்கிறது.

ஆற்றையே காலி செய்துவிடுமா?

மீன் பிடிப்பவர்கள் சிலருக்கு இதன்மேல் கோபம் உண்டு. மீன் குஞ்சுப் பண்ணைகளில் இதைச் சுட்டுத் தள்ளிய காலமும் இருந்தது. பண்ணை என்பது ஆழமில்லாத தொட்டி, தெளிந்த தண்ணீர், நெருக்கியடித்த குஞ்சுகள். கல்யாண வீட்டுப் பந்தியைத் திறந்து வைத்துவிட்டு யாரும் உட்காரக்கூடாது என்றால் எப்படி? இயற்கையான ஓடையில் நிலைமை வேறு. அங்கே இது பிடிப்பது பெரும்பாலும் விரல் நீள மீன்கள், யாரும் தூண்டில் போட்டுத் தேடாத சில்லறை இனங்கள்.

மழையில் தண்ணீர் கலங்கினால் பட்டினி கிடப்பதும் இல்லை. கிளை ஓடை தெளிவாக இருந்தால் அங்கே போகும். இல்லாவிட்டால் கிரேஃபிஷ் பிடிக்கும். கிரேஃபிஷ் என்றால் நன்னீரில் வாழும் குட்டிச் சிங்கி இறால் என்று நினைத்துக்கொள்ளலாம். தவளை, பூச்சி, எப்போதாவது சின்ன எலி, சில சமயம் பழம்கூடச் சாப்பிடும். செரிக்காத எலும்பையும் செதிலையும் கிரேஃபிஷ் ஓட்டையும் உருண்டையாகக் கக்கிவிடும்.

மரப்பொந்தும் இல்லை, கடலும் இல்லை

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கூடு எங்கே?

இதில் தவறிப்போனவர்கள் பட்டியல் பெரியது, தொடக்கம் பழைய கிரேக்கர்களிடமிருந்து. ஆல்சியோன் என்ற பெண் கடலில் மூழ்கி இறந்த கணவனுக்காகத் தானும் கடலில் பாய, தேவர்கள் இருவரையும் மீன்கொத்திகளாக மாற்றினார்கள் என்பது அவர்கள் கதை. குளிர்காலத்தில் அந்தப் பறவை கடல்மேல் மிதக்கும் கூடு கட்டுமாம், முட்டை பொரியும்வரை காற்றும் அலையும் அடங்கிக் கிடக்குமாம். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த வட அமெரிக்கப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அந்த ஆல்சியோன் பெயரையே சூட்டினார். கடல்மேல் கூடு கட்டியதாகச் சொல்லப்பட்ட பறவையின் பெயர், மண்ணைக் குடைந்து உள்ளே போகும் பறவைக்கு வந்து சேர்ந்தது.

ஆமாம், மண்ணைக் குடைகிறது. ஆற்றங்கரையில் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டைத் தேர்ந்தெடுத்து, மேல் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி கீழே, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுரங்கம் தோண்டுகின்றன. முதலில் அலகால் கொத்துகின்றன. பாருங்கள், கொத்துவது என்ற சொல் பொருந்தும் இடம் மீனல்ல, இதுதான். பிறகு உதிர்ந்த மண்ணைக் காலால் பின்பக்கமாகத் தள்ளுகின்றன. இதற்கு வசதியாக முன்விரல்களில் இரண்டு பாதி நீளத்துக்கு ஒட்டியே இருக்கின்றன. விரல்கள் சேர்ந்து சின்ன மண்வெட்டி போல ஆகிவிடுகின்றன. நடக்கத்தான் அந்தக் கால் லாயக்கில்லை, இது தரையில் நடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சுரங்கம் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் நீளம், சில நேரம் அதற்கும் மேல். உள்ளே போகப் போக லேசாக மேல்நோக்கி ஏறும். கோடியில் ஒரு சின்ன அறை. புல், பஞ்சு, இறகு என்று மெத்தை எதுவும் கிடையாது. நாளாக ஆக மீன் முள்ளும் செதிலும் சேர்ந்து அதுவே விரிப்பாகிவிடும். மண் நல்லபடியாக அமைந்தால் சில நாட்களில் வேலை முடியும், இல்லாவிட்டால் மூன்று வாரம்கூட இழுக்கும்.

மண் நல்லபடியாக என்றால்? கடற்கரையில் குழந்தைகள் பள்ளம் தோண்டுவதைப் பாருங்கள். காய்ந்த மணலில் தோண்டத் தோண்டச் சரியும். பானை செய்யும் களிமண்ணிலோ தோண்டவே முடியாது, தண்ணீர் தேங்கினால் வடியவும் வடியாது. இரண்டும் கலந்து, மணல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் மண்தான் அலகுக்கு விட்டுக்கொடுக்கும், அதே சமயம் கூரை இடியாமல் நிற்கும். மண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. சுவர் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் ஏறிவிடும், ரக்கூன், மிங்க் மாதிரியான வேட்டை விலங்குகள் எட்டிப் பிடித்துவிடும். செடி கொடி அடர்ந்திருக்கக்கூடாது, வேர் வழிமறிக்கும், பாம்பு பற்றி ஏற வசதியாகும்.

இப்படி ஒரு சுவரை யார் கட்டுவது? ஆறுதான். வளைவில் திரும்பும்போது ஆற்றின் வேகம் வெளிப்பக்கக் கரையில் மோதி அரிக்கிறது, உள்பக்கக் கரையில் மணலைப் படிய விடுகிறது. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்வது போலத்தான். அரிக்கப்பட்ட கரை இடிந்து இடிந்து, புல் முளைக்க நேரமில்லாமல், மொட்டைச் சுவராக நிற்கும். நாம் கரை அரிப்பு என்று கவலைப்படும் காரியம் இந்தப் பறவைக்கு வீட்டு மனை.

எனவே ஒரு ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணினால் மட்டும் எத்தனை பட்டை மீன்கொத்தி இருக்கும் என்று சொல்ல முடியாது. தோதான சுவர் எத்தனை என்றும் எண்ண வேண்டும். மீன் கொழித்தும் சுவர் இல்லாத ஏரியில் இது கூடு வைக்காது. நல்ல மண்சுவர் கிடைத்தால், மீன் பிடிக்கும் தண்ணீரைவிட்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சாலை வெட்டிலோ சரளைக் குழியிலோ வீடு தோண்டிவிட்டு, தினமும் மீனோடு பறந்து போய்வரும்.

இருட்டறையில் ஒரு மாதம்

அறைக்குள் ஐந்திலிருந்து எட்டு வரை பளபளப்பான வெள்ளை முட்டைகள். மறைவாக இருட்டில் கிடக்கும் முட்டைக்கு நிறமும் புள்ளியும் எதற்கு? தாயும் தந்தையும் மாற்றி மாற்றி மூன்று வாரத்துக்குச் சற்று மேல் அடைகாக்கின்றன. பொரிந்து வரும் குஞ்சு கண் திறக்காத, முடியில்லாத, இளஞ்சிவப்புச் சதைத் துண்டு. இறகுகள் முளைத்தாலும் பல நாள் உறைக்குள்ளேயே இருக்கும், அதனால் நடுவில் சில நாட்களுக்குக் குஞ்சு முள்ளம்பன்றி வேஷம் போட்டது போல இருக்கும்.

குஞ்சின் வயிற்றில் நடப்பது இன்னும் வேடிக்கை. சின்ன வயதில் வயிற்று அமிலம் அவ்வளவு காரம், மீன் முள், செதில், கிரேஃபிஷ் ஓடு எல்லாமே கரைந்து உடம்பில் சேர்ந்துவிடும். எலும்பு வளர வேண்டிய வயது, வீணாக்க முடியாது. கூட்டைவிட்டுப் புறப்படும் சமயம் வயிற்றின் தன்மை மாறுகிறது. அதற்கப்புறம் பெரியவர்களைப் போலவே முள்ளை உருண்டையாகக் கக்கத் தொடங்கும்.

நான்கு வாரத்தில் வெளியே வரும். வந்த அன்றே மீன் பிடிக்கத் தெரியாது. செத்த மீனைப் பெற்றோர் தண்ணீரில் போட்டு, குஞ்சுகளை எடுக்க வைப்பதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் கொஞ்ச நாளில் அவரவர் வழி. பட்டை மீன்கொத்தி கூட்டமாக வாழும் ஜாதி இல்லை. இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நேரமெல்லாம் தனியாகத்தான் இருக்கும், தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்தால் அந்தத் தகர டப்பாச் சத்தத்தோடு துரத்தும்.

பெண்ணுக்கு ஒரு பட்டை கூடுதல்

மயிலையும் சேவலையும் பார்த்துப் பழகிய நமக்கு, பறவைகளில் பகட்டு ஆணுக்குத்தான் என்று ஒரு எண்ணம். இங்கே ஆணுக்கு நெஞ்சில் நீலப் பட்டை ஒன்றுதான். பெண்ணுக்கு அதற்குக் கீழே செம்பழுப்பில் இரண்டாவது பட்டை, விலாவிலும் வழிந்திருக்கும். ஆகவே அன்று ரூஜ் ஆற்றில் நாங்கள் பார்த்தது பெண். இளம் பறவைகளின் நீலப் பட்டையிலும் துரு படிந்தது போல லேசான பழுப்பு இருக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் நெஞ்சை விட்டுவிட்டு விலாவைப் பாருங்கள்.

குளிர் ஒரு பொருட்டில்லை

குளிர் தாங்காமல் தெற்கே போகிறது என்பார்கள். குளிர் அதற்குப் பொருட்டில்லை, ஐஸ்தான் பிரச்சினை. ஆறு உறைந்தால் சாப்பாட்டுக் கடைக்கு ஷட்டர் இழுத்துவிட்ட மாதிரி. கனடாவின் உள்பகுதிகளில் கோடையைக் கழித்தவை அமெரிக்காவின் தெற்கு, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வட ஓரம் வரை போகின்றன. அதே நேரத்தில் அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில், தண்ணீர் உறையாத இடங்களில், ஆண்டு முழுக்க இருப்பவையும் உண்டு. உறையாத ஓடை கிடைத்தால் வடக்கிலேயே தங்கிவிடும் ஆண்களும் உண்டு, வசந்தத்தில் நல்ல இடம் கைநழுவிப் போகாது அல்லவா?

நாம் கொடுத்த சுவரும் எடுத்த சுவரும்

மனிதர்கள் இந்தப் பறவைக்குச் செய்தது ஒரே மாதிரியானது இல்லை. சாலைக்கும் ரயிலுக்கும் மேட்டை வெட்டினோம், கட்டுமானத்துக்குச் சரளை தோண்டினோம். அந்த வெட்டுகளெல்லாம் செங்குத்து மண்சுவர்களாக நின்றன. முன்பு கூடு வைக்க இடமில்லாத பகுதிகளுக்கும் பட்டை மீன்கொத்தி போய்ச் சேர அவை உதவின. இன்னொரு பக்கம், ஊருக்குள் ஓடும் ஆறுகளை நேராக்கி, கரையில் கான்கிரீட்டும் பாறையும் அடுக்கி, அரிப்பை நிறுத்தினோம். அரிப்பு நின்றால் சுவரும் நின்றுவிடும். கட்டுமான வேலையில் மண் கரைந்து ஓடை கலங்கினால், மேலிருந்து பார்த்துக் குறி வைக்கும் பறவைக்குக் கண்ணைக் கட்டிவிட்ட கணக்கு.

இன்றைக்கும் இது பரவலாகக் காணப்படும் பறவைதான், அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சொல்வது மிகை. ஆனால் 1966-இலிருந்து நடந்துவரும் வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை இறங்குமுகமாகவே தெரிகிறது. இதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆற்றில் மீன் விடுவது மட்டும் போதாது, ஆறு வளையவும் கரையைக் கொஞ்சம் இடிக்கவும் விட வேண்டும் என்பது என் கட்சி. மண்ணரிப்பைத் தடுக்கும் பொறியாளர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஓட்டையில் குடியிருப்பு உண்டா?

கோடையின் தொடக்கத்தில் இப்படியொரு ஆற்றங்கரையில் நடந்தால், மண்சுவரில் ஓட்டைகளைத் தேடுங்கள். வரிசையாகப் பத்து இருபது சின்ன ஓட்டைகள் இருந்தால் அது கரைத் தகைவிலான் என்ற சின்னப் பறவைகளின் காலனி. தனியாக, ஒரு டென்னிஸ் பந்து அழுத்தாமல் உள்ளே போகும் அளவுக்கு இருந்தால் மீன்கொத்தி. வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தால் வீடு காலி. பழைய மீன்கொத்திச் சுரங்கத்தில் வேறு வகைத் தகைவிலான் குடியேறுவதும் நடக்கும். காலியில்லை என்பதற்கு அடையாளம், வாசலின் தரையில் தண்டவாளம் போல ஓடும் இரண்டு பள்ளக் கோடுகள். குட்டைக் காலை இழுத்து இழுத்து உள்ளே போய் வந்ததில் விழுந்த தடம் அது.

அந்த நேரத்தில் எதிர்க்கரைக் கிளையில் ஒரு மீன்கொத்தி, அலகில் மீனை வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தால், மீனின் தலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். தான் தின்ன வேண்டுமென்றால் தலை உள்பக்கம் இருக்கும். மீன்கொத்திகள் குஞ்சுக்குக் கொண்டுபோகும்போது, குஞ்சு தலையிலிருந்து விழுங்க வசதியாக, மீனின் தலையை வெளிப்பக்கம் நீட்டிப் பிடித்திருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் நிற்பது அதன் வாசலுக்கு நேரே. இருபது முப்பது அடி தள்ளிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், அது உள்ளே போகட்டும்.